போயிட்டு வர்றேன் என்று நின்ற முருகையன்

கோரைவெளி முருகையன் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புவதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். "சரி, போயிட்டு வர்றேங்க" என்று எழுந்திருப்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். வீட்டுக்காரரும் மரியாதைக்கு எழுந்திருப்பார். அவ்வளவுதான், இரண்டு பேரும் நிற்பார்கள். பிறகு வாசல்வரை வந்து நிற்பார்கள். வேலிப் படலைத் திறந்து, திறந்த படலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் அந்தத் துண்டு இருபது தடவை உதறப்பட்டிருக்கும். அவர் மனைவி அம்சம் அந்தத் துண்டைத் துவைத்ததே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். உதறி உதறியே அழுக்குப் போய்விடுமாம்.

பிறக்கும்போதே அப்படித்தான். பத்து மாதம் முடிந்த பிறகும் வெளியே வராமல் பன்னிரண்டு நாள் உள்ளேயே நின்றுகொண்டிருந்தாராம். மருத்துவச்சி இரண்டு தடவை வந்து, இரண்டு தடவை கோபித்துக்கொண்டு திரும்பிப் போனாளாம்.

கல்யாணமும் நின்று நின்றே ஆனதுதான். பெண் பார்க்க வந்த இடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்தது. மாடு கொட்டிலுக்கு வந்தது. அப்போதும் நின்றார். அம்சத்தின் அப்பா பார்த்தார். "இவன் பொண்ணைக் குடுத்தாத்தான் போவான் போலருக்கே" என்றார். கொடுத்தார்.

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் யூனுஸ் ராவுத்தர் கடைக்கு ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனார். வாங்கியாகிவிட்டது. "போயிட்டு வர்றேங்க பாய்" என்று சொல்லியாகிவிட்டது. நிற்கிறார். யூனுஸ் பாய்க்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "முருகையா, நீ எப்படியும் இப்போதைக்குப் போகப் போறதில்ல. நான் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்துர்றேன், கடையப் பாத்துக்க" என்று போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் முருகையன் மூன்று பேருக்குப் புளியும் ஒருவருக்கு உப்பும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, "இந்தா, கிளம்பிட்டேன் பாய்" என்கிறார்.

அம்சம் இதற்கு நேர் எதிர். அவள் நடவில் இறங்கினால் கை போகிற வேகத்தில் நாற்றுக்கே மூச்சு வாங்கும். அடுப்பில் உலை வைத்துவிட்டு, குளத்துக்குப் போய்க் குளித்து, துணி துவைத்து, ஒருத்தியோடு சண்டை போட்டு, சமாதானமாகி வந்து அரிசி போடுவாள். உலை அப்போதுதான் கொதிக்கும்.

"ஏங்க, ஒரு எடத்துலேர்ந்து காலை எடுக்க இம்புட்டு நேரமா? சேத்துல பொதைஞ்ச எருமைகூட இதுக்குள்ள எந்திரிச்சிருக்கும்" என்பாள்.

"ஒருத்தவங்க வீட்டுலேர்ந்து பொசுக்குன்னு போனா, அவங்களுக்கு மனசு வெறிச்சுன்னு ஆயிடும்டி. கொஞ்சம் நின்னுட்டுப் போனா, நாம போனது அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா? அப்பாடான்னு கதவை அடைக்கிறாங்க, எனக்குல்ல தெரியும்!"

இப்படிப்பட்ட மனிதர் வாழ்ந்த தெருவில் மொத்தம் பதினேழு வீடு. எல்லாம் கூலி வேலைக்காரர்கள் வீடு. மண் சுவர், கீற்றுக்கூரை, குனிந்து நுழைகிற வாசல். சுவர் இவர்களுடையது, கீற்று இவர்களுடையது. அடியில் இருக்கிற மண் மட்டும் மிராசுதாருடையது. மிராசுதார் இன்றைக்குக் காலி பண்ணு என்றால் நாளைக்குக் கூரையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பக்கத்து ஊரில் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்காக நான்கு வீட்டுக் கூரையை மிராசுதாரின் ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். அந்த நான்கு குடும்பமும் வாய்க்கால் மதகடியில் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தது. அது நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அப்போது கோட்டையில் இருந்தது கழகம். வயலில் இருந்தது செங்கொடி. இரண்டுக்கும் நடுவே ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. முருகையனுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அதிக நேரம் ஒரே இடத்தில் நின்றது அந்த வேன்தான்.

எழுபத்தொன்றில் ஒரு சட்டம் வந்தது. அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டு வாழ்கிற விவசாயக் கூலிக்கு அந்த மனைக்கட்டு சொந்தம் என்று சட்டம். தாலுகா ஆபீஸிலிருந்து அதிகாரி வருவார், வீடு வீடாகப் பார்ப்பார், குடியிருக்கிறவர் பெயரை எழுதுவார், பட்டா வரும். ஆனால் அவர் வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு எதிரே 'காலி' என்று எழுதிவிட்டால், அப்புறம் அதை அழிக்க மெட்ராஸ் வரைக்கும் நடக்க வேண்டும். பண்ணையின் செல்வாக்குக்கு முன்னால் அது அழியவே அழியாது.

அம்சத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. யாரைப் பார்த்தாலும், "ஆபீசரு எப்ப வர்றாராம்?" இதே கேள்விதான். அவள் கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டுச் சுவரை நான்கு தடவை எடுத்துக் கட்டியிருக்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகளை அதற்குள்ளேயே பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்தாள். "என் கையால பெசஞ்ச மண்ணு. சாகுறதுக்குள்ள ஒருநா அது என்னுதுன்னு நெனச்சுக்கிட்டுப் படுக்கணும்" என்பாள். அவள் ஆசை அது ஒன்றுதான். முருகையன் அதைக் கேட்டுக்கொண்டு, வாசலில் நிற்பார்.

பண்ணைக் காரியஸ்தர் பெயர் குஞ்சிதபாதம். ஒல்லியான ஆள், குடையைவிட ஒல்லி. மழை பெய்தால் எது குடை, எது காரியஸ்தர் என்று தெரியாது. ஆனால் மூளை மட்டும் நல்ல தடிமன். அதிகாரி ஐப்பசியில்தான் வருவார் என்று தெருவில் அவர்தான் சொன்னார். புரட்டாசியில் ஒருநாள் அவரே தெருவுக்கு வந்தார். அவர் தெருவுக்கு வருவதே அதிசயம். வந்து சிரித்தார். அது அதைவிடப் பெரிய அதிசயம்.

"பூதலூர்ல நம்ம மொதலாளியோட சம்பந்தி வயல்ல குறுவை அறுப்பு. நமக்குத்தான் இங்க சம்பா நட்டாச்சு, வேலை கெடையாது. சும்மாத்தானே கெடக்குறீங்க? நாலு நாள் வேலை. லாரி நம்மளே உடுறோம். சாப்பாடு அங்க. புள்ளகுட்டி, கெழடு கட்டை யாரா இருந்தாலும் ஏறிக்கலாம். கதிரு பொறுக்கினாக்கூடக் கூலி."

கடைமடைக்காரர்களுக்குக் குறுவை கிடையாது. தண்ணீர் மேல்பக்கத்துக்காரர்களின் தாகம் தீர்த்து, அவர்களின் மாடு குளித்து, மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு வரும். அதனால் புரட்டாசியில் மேல்பக்கம் அறுப்புக்குப் போவது வழக்கம்தான். எப்போதும் நடந்து போவார்கள், இல்லாவிட்டால் ரயிலில் டிக்கெட் இல்லாமல் தொங்கிக்கொண்டு போவார்கள். லாரி வைத்து அழைப்பது இதுதான் முதல் தடவை. அதுவே ஒரு மரியாதையாகத் தெரிந்தது. லாரி என்ற வார்த்தையைக் கேட்டதுமே கிழவர்களுக்கெல்லாம் முட்டிவலி போய்விட்டது. போன லாரிக்குப் பின்னாலேயே அதிகாரி வருகிற மாதிரி காரியஸ்தர் ஏற்பாடு செய்திருந்தது அந்தத் தெருவில் ஒரு காக்காய்க்குக்கூடத் தெரியாது.

திங்கட்கிழமை விடிகிற நேரம். லாரி வந்து நின்றது. விடியற்காலம் மூன்று மணிக்கே எழுந்து எல்லோரும் சோறாக்கிக் கட்டிக்கொண்டார்கள். பதினேழு வீட்டுச் சனமும் ஏறியது. அம்சம் முதல் ஆளாக ஏறி, முன்பக்கம் இடம் பிடித்து, பக்கத்தில் புருஷனுக்கும் துண்டு போட்டு வைத்தாள்.

முருகையன் வரவில்லை.

அவர் வீட்டுப் பின்னால் ஒரு அடைகோழி. பதினொரு முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. நான்கு நாளைக்குத் தண்ணீர் வைக்கப் போனார். ஒரு சட்டியில் தண்ணீர், ஒரு சட்டியில் நொய். வைத்தாயிற்று. "போயிட்டு வர்றேன்" என்று கோழியிடம் சொல்லியாயிற்று. கோழி ஒன்றும் சொல்லவில்லை. அது முகத்தை ஒரு மாதிரி திருப்பிக்கொண்டது போல அவருக்குத் தெரிந்தது.

"கோவமா? நாலே நாளுதான். வெள்ளிக்கிழமை வந்துருவேன். நீ பாட்டுக்கு உக்காந்திரு."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கோழி பயந்து சிறகை விரித்தது. முட்டையை விட்டு எழுந்துவிடுமோ என்று அதைத் தடவிச் சமாதானப்படுத்தினார். இரண்டாவது ஹாரன். "இந்தா வர்றேன்" என்றார், கோழியைப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது ஹாரனுக்கு லாரி கிளம்பிவிட்டது.

"யோவ்! யோவ்! இந்த மனுசன இந்த அவசரத்துலயாவது..." அம்சத்தின் குரல் கோரைவெளி முழுக்கக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. முருகையன் தெருவுக்கு ஓடி வந்து பார்த்தபோது புழுதிதான் இருந்தது. நாலு நாள் கூலியும் போச்சு, வெள்ளிக்கிழமை வாங்கப்போகிற வசவும் நிச்சயமாச்சு. திரும்பக் கோழியிடமே போய் உட்கார்ந்தார்.

ஒன்பது மணி சுமாருக்கு மிராசுதாருடைய பிளஷர் கார் தெருமுனையில் வந்து நின்றது. முன்கதவைத் திறந்துகொண்டு குஞ்சிதபாதம் இறங்கினார். பின்கதவில் தாலுகா ஆபீஸ் அதிகாரி இறங்கினார். பெயர் இராஜாங்கம். சின்ன வயசு. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் நீளமான நோட்டு. வயிறு நிறையப் பண்ணை வீட்டு இட்லி. பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று கைக்கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார். ஈ காக்கா இல்ல. இவங்க இங்க குடியிருக்கிறவங்களே இல்ல. அறுப்புக்கு வருவாங்க, தங்குவாங்க, போவாங்க. எங்க பெரிய மொதலாளி அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்காரு." மடியிலிருந்து மஞ்சளாகிப் போன ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார் குஞ்சிதபாதம். இப்போதைய மிராசுதாரின் அப்பா, மெட்ராஸில் படித்தவர், நாற்பது வருடத்துக்கு முன்னால் அப்போதைய காரியஸ்தருக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதம்.

இராஜாங்கம் வாசித்தார். நெற்றி சுருங்கியது. "கூலியாட்கள் அறுவடை முடியும் வரை கிழக்குக் கொல்லையில், அதாவது இந்த எடத்துல, டாரி (tarry) பண்ணலாம்னு எழுதியிருக்காரு" என்றார். "டாரியா! இந்த வார்த்தைய காலேஜ விட்டப்புறம் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"தங்கிட்டுப் போறதுன்னு அர்த்தம்தானே சார்? குடியிருக்கிறது இல்லையே?"

"ஆமா. அப்படித்தான்." நோட்டைத் திறந்தார். பேனாவைத் திறந்தார். முதல் வீட்டு எண்ணைப் போட்டு, எதிரே எழுதப் போனார்.

"கும்புடுறேங்க" என்று ஒரு குரல்.

குஞ்சிதபாதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோழி இறகு ஒட்டிய தலையோடு முருகையன் நடுத்தெருவில் நிற்கிறார்.

"டேய், நீ லாரில போவல?"

"கெளம்பிட்டேங்கய்யா. கெளம்பி, நின்னுட்டேன்."

இராஜாங்கம் பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார். "யாருய்யா நீ?"

"இந்தத் தெருதாங்க. கடைசி வீடு."

"மத்தவங்க எங்க?"

"காரியஸ்தரய்யாதாங்க லாரி வச்சு பூதலூருக்கு அறுப்புக்கு அனுப்பிச்சாரு. இன்னைக்கு விடியக்காலதான். வெள்ளிக்கெழமை வந்துருவாங்க. நீங்க ஐப்பசியிலதான் வருவீங்கன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர், சொன்னது என்ன என்று தனக்கே புரிந்ததும் நிறுத்தினார். காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் வானத்தைப் பார்த்தார்.

"சார், இவன் ஒரு மாதிரி. ஊர்ல கேளுங்க, எங்க போனாலும் நின்னுக்கிட்டே இருப்பான். இவன் பேச்ச எடுத்துக்காதீங்க" என்றார் குஞ்சிதபாதம். பிறகு குரலைத் தாழ்த்தி, "முருகையா, நாளைக்கு வேலைன்னு எங்ககிட்டதான் வரணும். யோசிச்சுக்க" என்றார்.

முருகையன் யோசித்தார். ஆனால் கால் நகரவில்லை. நகராமல் இருப்பதில் அந்தக் காலுக்கு நல்ல பழக்கம்.

"சார், ஒவ்வொரு வீட்டுலயும் யாரு இருக்காங்கன்னு நான் சொல்றேங்க. எழுதிக்குங்க."

"நீ சொல்றத வச்சு எப்படிய்யா எழுதுறது? ஆளு இல்லையே?"

"ஆளு இல்லதான். அடுப்பு இருக்குங்களே. தொட்டுப் பாருங்க."

இராஜாங்கத்துக்கு என்ன தோன்றியதோ, முதல் வீட்டுப் படலை விலக்கிக் குனிந்து உள்ளே போனார். அந்தத் தெருவில் ஒரு அதிகாரி குனிந்தது அதுதான் முதல் தடவை. நிலையில் தலையை இடித்துக்கொண்டதும் அவர்தான் முதல். அடுப்புச் சாம்பலில் விரலை விட்டார். "ஸ்ஸ்" என்று எடுத்தார். மேலே சாம்பல், அடியில் உமித் தணல் கனன்றுகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் விரலை விடவில்லை, கையை மேலே காட்டினார். அங்கேயும் சூடு. நாலாவது வீட்டு அடுப்பை ஒரு குச்சியால் கிளறினார். பொறி பறந்தது.

"அறுப்புக்கு வந்துட்டுப் போனவங்க வீட்டு அடுப்பு அறுப்பே இல்லாத மாசத்துல எப்படிச் சுடுது காரியஸ்தரே?"

குஞ்சிதபாதம் குடையைத் தரையில் குத்தினார். "அடுப்பு சுட்டா யாரோ சமைச்சாங்கன்னுதான் அர்த்தம் சார். யாருன்னு அடுப்பு சொல்லுமா?"

"அதுவும் சரிதான்." இராஜாங்கம் முருகையன் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல எத்தனை பேரு?"

"பொன்னுத்தாய் வீடுங்க. ஏழு பேரு."

அதிகாரி உள்ளே போய் எண்ணினார். சுருட்டி வைத்த பாய் ஐந்து. ஒரே பாயில் புருஷன் பெண்டாட்டி என்று வைத்தாலும் ஆறு. வெளியே வந்தார். "ஆறுதான்யா வருது."

குஞ்சிதபாதத்தின் முகத்தில் விளக்கேற்றியது போல ஒரு வெளிச்சம்.

"மேல பாத்தீங்களா சார்? விட்டத்துல?"

திரும்பிப் போய்ப் பார்த்தார். விட்டத்தில் பழைய சேலையில் ஒரு தூளி. அதற்குள் ஒரு கிலுகிலுப்பை. கையில் எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தார். வெளியே வந்து, "ஏழு" என்று எழுதினார்.

அப்புறம் முருகையன் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்றார். நின்று நின்று சொன்னார். இது மருதையன் வீடு, இரண்டாம் மகளுக்குத் திக்குவாய், அதற்காக நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், பாருங்கள் அந்த மாடத்தில் வசம்பு இருக்கும். இருந்தது. இது வேம்பு வீடு, புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை, அதனால் இரண்டு உப்புச்சட்டி இருக்கும். இருந்தது. இராஜாங்கத்துக்கு இப்போது கடிகாரம் பார்க்க மறந்துவிட்டது. பதினோரு மணி பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்தவர் வீட்டு உப்புச்சட்டி வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிற ஒரு மனிதரை அவர் பார்த்ததே இல்லை. நாற்பது வருடம் வாசல் வாசலாக நிற்காமல் அது எப்படித் தெரியும்?

வெயில் ஏறிவிட்டது. பன்னிரண்டாவது வீட்டு நிழலில் அதிகாரி உட்கார்ந்தார். முருகையன் பானைத் தண்ணீர் கொடுத்தார். இராஜாங்கம் குடித்தார்.

"அந்த லெட்டர்ல என்னமோ சொன்னீங்களே சார். அது என்னாங்க?" என்று கேட்டார் முருகையன்.

"டாரி. போக வேண்டியவன் போகாம இன்னும் கொஞ்சம் நிக்கிறது. தாமதிக்கிறது. காத்திருக்கிறதும்தான்."

"அதுக்குன்னு இங்கிலீஸ்ல தனியா ஒரு வார்த்தையே இருக்கா!"

"இருக்கு. ஆனா இப்ப யாரும் சொல்றதில்ல. பழைய பைபிள்ல வரும், பழைய பாட்டுல வரும். லண்டன் பஸ் ஸ்டாண்டுல போய்ச் சொன்னா, தலைப்பாகை கட்டிக்கிட்டு வந்த தாத்தாவைப் பாக்குற மாதிரி பாப்பாங்க."

"ரொம்பப் பழசுங்களா?"

"ஆறேழு நூறு வருசம் ஆவுதுன்னு எங்க புரொபசர் சொன்னாரு. எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. லத்தீன்னு ஒரு பாஷை, அதுல மெதுவுங்கிறதுக்கு ஒரு சொல்லு இருக்கு, அதுலேர்ந்து வந்துச்சும்பாங்க சிலபேரு. இல்ல, பழைய இங்கிலீஷ்ல ஆள நச்சரிக்கிறதுக்கு ஒரு சொல்லு, அதுலேர்ந்தும்பாங்க சிலபேரு. ரெண்டுக்கும் கெட்டியான ஆதாரம் இல்ல."

"நச்சரிக்கிறதுதான் சார், சந்தேகமே வேணாம்" என்றார் குஞ்சிதபாதம், முருகையனைப் பார்த்துக்கொண்டே.

முருகையன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார். "அப்பா யாரு, பூர்வீகம் எதுன்னே தெரியாம ஏழுநூறு வருசமா அந்தப் பாஷைக்குள்ள உக்காந்திருக்கா? யாரும் காலி பண்ணச் சொல்லலீங்களா?"

இராஜாங்கம் சிரித்தார். குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. காரோட்டி சிரித்தான். குஞ்சிதபாதம்கூடக் குடைக்குப் பின்னால் ஒரு நொடி ஆடினார்.

சிரித்து முடித்ததும் அதிகாரி அந்த மஞ்சள் காகிதத்தை மறுபடி பிரித்தார். "சரிய்யா, அறுவடை முடியுற வரைக்கும்னு போட்டிருக்காரே. அதுக்கு என்ன சொல்ற?"

"அறுப்பு இன்னும் முடியலையேங்க. எங்க அப்பாரு காலத்துலேர்ந்து நாங்கதானே வருசா வருசம் அறுத்துக்கிட்டு இருக்கோம். ஒரு வருசம் அறுத்து முடிஞ்சதும் அடுத்த நடவு வந்துருதே. நாங்க என்னாங்க பண்றது?"

இராஜாங்கம் காகிதத்தை நாலாக மடித்துக் குஞ்சிதபாதத்தின் கையில் கொடுத்தார். "இத மொதலாளிகிட்டயே குடுத்துடுங்க. நாப்பது வருசம் முன்னாடி என்ன சொல்லி உக்கார வச்சாங்கன்னு சட்டம் கேக்கல. இப்ப யாரு இருக்காங்கன்னுதான் கேக்குது. இருக்காங்க."

"சார், மொதலாளி மேலிடத்துல பேசுவாரு."

"பேசட்டும். அடுப்பச் சுடச்சுட நானே தொட்டுப் பாத்தேன்னு எழுதிப்புட்டேன். வெரல்ல கொப்புளம் இருக்கு, அதையும் காட்டுறேன்."

மீதி வீடுகளையும் முடித்துக் கடைசி வீட்டுக்கு வந்தார்கள். அம்சம் மெழுகிய தரை, அம்சம் அடுக்கிய பானை. சுவரில் அவள் விரல் தடம் பிறை பிறையாக இருந்தது. இராஜாங்கம் நோட்டில் பதினேழு என்று போட்டார்.

"குடியிருக்கிறவர் பேரு?"

"அம்சம்."

"உன் பேரக் கேட்டேன்யா."

"முருகையன்ங்க. ஆனா அம்சம்னு எழுதுங்க. பொஞ்சாதி."

"ஆம்பள நீ இருக்கிறப்ப பொம்பள பேர்ல எதுக்கு?"

முருகையன் துண்டை எடுத்தார். உதறவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்க குடியிருக்கிறவங்க யாருன்னு கேக்குறீங்க. நான் இந்த ஊரு வாசல் பூரா நின்னேங்க. இந்த வீட்டுல குடியிருந்தது அவதான். சுவத்தப் பாருங்க, ஒரு எடத்துலயாவது என் கை இருக்கான்னு."

அதிகாரி சுவரைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. அம்சம் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்தாள். நாலு நாளாகச் சேர்த்து வைத்த வசவு அது, பூதலூரிலிருந்து தஞ்சாவூர் வழியாகப் பழுக்கப் பழுக்க வந்தது. "ஏய்யா, ஒரு கோழிக்காக..." என்று தொடங்கினாள். முருகையன் நடந்ததைச் சொன்னார். தன் பாணியில், முதல் வீட்டிலிருந்து, நின்று நின்று. பதினேழு வீட்டுச் சனமும் சுற்றி நின்று கேட்டது. யாரும் அவரைச் சீக்கிரம் சொல்லு என்று சொல்லவில்லை. பொன்னுத்தாய் பாதிக் கதையில் வீட்டுக்குள் ஓடிப்போய்த் தூளியைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி வீட்டுக்கு யார் பெயரை எழுதினார்கள் என்பதை மட்டும் முருகையன் சொல்லவில்லை.

ஆறு மாதம் அவருக்குப் பண்ணையில் வேலை இல்லை. காரியஸ்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யூனுஸ் பாய் கடையில் மூட்டை இறக்கினார் முருகையன். "வாடிக்கையாளர் போகாம நிக்கிறது பாத்திருக்கேன், வேலைக்காரனே போகாம நிக்கிறது இப்பத்தான்" என்று பாய் சொல்லிக்கொண்டே மத்தியானச் சோறும் போட்டார்.

அடுத்த வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டுப் பட்டா கொடுத்தார்கள். கரைவேட்டி கட்டியவர்கள் நிறையப் பேர் நிறைய நேரம் பேசினார்கள். அப்புறம் பெயர் கூப்பிட்டார்கள். "கோரைவெளி, அம்சம்." யாரும் போகவில்லை. "அம்சம், கணவர் முருகையன்!"

அம்சம் புருஷனைப் பார்த்தாள். "உங்க பேரத் தப்பாப் போட்டுட்டாங்க போலருக்குங்க. போய்ச் சொல்லுங்க."

"தப்பு இல்லடி. போ. ஒன்னையத்தான்."

வாழ்நாளில் வேகமாகவே நடந்த அம்சம் அந்தப் பத்தடியை நடக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கைநாட்டு வைக்கும்போது மை ஊரெல்லாம் ஆனது. காகிதத்தை வாங்கி, மடிக்கத் தெரியாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே ஊர் வரைக்கும் நடந்தாள். முருகையன் பக்கத்திலேயே வந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் முதலில் உள்ளே போனாள். காகிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். தரையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு கால் நீட்டி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் அது பாட்டுக்கு வந்தது, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

முருகையன் நிலைப்படிக்கு வெளியே இருந்து எட்டிப் பார்த்தார். "உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

அம்சம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

"மொதல்ல காலக் கழுவிட்டு வாங்க," என்றாள். "என் தரை."